பாவா பார்த்த பாதி

"சிவப்பு ஏறிகினு இருக்குது."

பாவா எங்கள் கடைக்குள் நுழையும்போது சொல்கிற வணக்கம் அதுதான். கையில் நான் முந்தின நாள் அச்சடித்துக் கொடுத்த படத்தைச் சுருட்டி வைத்திருப்பார். மேஜை மேல் விரித்து, நான்கு மூலையிலும் என் டீ கிளாஸ், கத்தரிக்கோல், கால்குலேட்டர் என்று கைக்குக் கிடைத்ததை வைத்து அழுத்திவிட்டு, "இங்க பாரு, கன்னத்துல. இவ்ளோ செவப்பு அங்க கெடையாதும்மா" என்பார்.

திருத்தணி பஸ் ஸ்டாண்டுக்குப் பக்கத்தில் எங்களுக்கு ஃப்ளெக்ஸ் கடை. காதுகுத்து, மஞ்சள் நீராட்டு, ஆடிக் கிருத்திகைக் காவடி, கட்சிக்காரர் பிறந்தநாள், கண்ணீர் அஞ்சலி எல்லாம் எங்கள் மிஷினிலிருந்துதான் வெளியே வரும். மிஷினை என் வீட்டுக்காரர் பார்த்துக்கொள்வார். கம்ப்யூட்டர் முன்னால் உட்கார்ந்து முகங்களைச் சரிசெய்வது என் வேலை. கறுப்பைக் கொஞ்சம் இறக்குவேன், பருவை எடுப்பேன், மூடிய கண்ணைத் திறந்து வைப்பேன், செத்துப்போன தாத்தாவைக் கல்யாணப் போட்டோவில் நிற்க வைப்பேன். "இது நான் இல்லையே" என்று இதுவரை ஒருத்தரும் திருப்பிக் கொடுத்ததில்லை. பாவா மட்டும்தான் எல்லாவற்றையும் திருப்பிக் கொண்டுவந்தார். அதுவும் அவருடைய படம்கூட இல்லை. ஐந்நூறு வருஷத்துக்கு முன்னால் இத்தாலியில் யாரோ சுவரில் தீட்டிய தேவதூதர்களுக்காக என்னிடம் வந்து சண்டை பிடிப்பார்.

பாவா என்றால் என் அக்காவின் வீட்டுக்காரர். நாங்கள் பொதட்டூர்பேட்டையில் லுங்கி நெய்கிற குடும்பம். பேசுவது தமிழ், முறை சொல்லிக் கூப்பிடுவது பாதி தெலுங்கில். அப்பா நைனா, அக்கா புருஷன் பாவா. அவருக்கு ஒரு பெயர் இருந்தது; நான் ஒருநாளும் அதைச் சொல்லிக் கூப்பிட்டதில்லை, இங்கேயும் சொல்ல வரவில்லை.

அரக்கோணம் ரோட்டில் அக்கா வீட்டை ஒட்டி நீளமாக ஒரு ஷெட். அங்கேதான் அவர் வேலை. மறுமலர்ச்சிக் காலம் என்று படிப்பில் சொல்வார்களாம், அந்தக் காலத்து ஆட்கள் சர்ச் சுவரில் ஈரச் சுண்ணாம்பின் மேலேயே வண்ணம் தீட்டினார்கள். அதற்கு ஃப்ரெஸ்கோ என்று பெயர். ஓவியக் கல்லூரிப் பிள்ளைகள் அதைப் புத்தகத்தில் தீப்பெட்டி அளவுக்குப் பார்த்தால் என்ன விளங்கும்? அதனால் பாவா நான் அச்சடித்த படத்தை எதிரில் மாட்டிக்கொண்டு, பலகை மேல் சாந்து பூசி, அதே அளவில், அதே முறையில், அந்தப் படத்தை மறுபடி செய்து தருவார். கல்லூரிகள் வாங்கிக்கொண்டு போகும். சனிக்கிழமைகளில் பிள்ளைகளே ரயிலேறி வந்து பக்கத்தில் நின்று கற்றுக்கொள்வார்கள்.

பொறுமைக்காரர்களுக்கான வேலை அது. சுண்ணாம்பைத் தொட்டியில் மாதக்கணக்கில் ஊறவைப்பார். அன்றைக்கு எவ்வளவு தீட்ட முடியுமோ அவ்வளவு இடத்துக்குத்தான் மேல்பூச்சு பூசுவார். ஈரம் இருக்கும்போதே தீட்டி முடித்துவிட வேண்டும். காய்ந்தால் வண்ணம் சுண்ணாம்போடு சேர்ந்து இறுகிவிடும். அதற்கப்புறம் தப்பைத் திருத்த வழியில்லை. மேலே பூசி மறைப்பது அவருக்குப் பிடிக்காது. அந்தத் துண்டையே உளி வைத்து வெட்டி எடுத்துவிட்டு மறுபடியும் முதலிலிருந்து ஆரம்பிப்பார். நமக்குக் கண்ணிலேயே படாத தப்புக்கெல்லாம் வெட்டுவார். காலையில் ஷெட்டிலிருந்து டொக் டொக் என்று சத்தம் வந்தால், "யாரு மூக்கோ போச்சுடி" என்பாள் அக்கா.

தூரிகையைக் காதில் சொருகிக்கொள்ளும் பழக்கம் அவருக்கு. அதனால் வலது காதோரத்தில் எப்போதும் ஒரு பொட்டு சுண்ணாம்பு ஒட்டியிருக்கும். பட்டு வேட்டி கட்டிக் கல்யாணத்துக்குப் போனாலும் அது கூடவே வரும். "நைனா, ஊர்ல எல்லாரும் நெத்தியில வச்சிக்கிறாங்க, நீ காதுல வச்சிகினு சுத்துற" என்று அவர் பையன் தணிகை கேலி செய்வான். அவர் காதைத் தொட்டுப் பார்த்துக்கொள்வார். துடைக்க மட்டும் மாட்டார்.

வாழ்க்கையிலும் அந்த மனிதர் அப்படித்தான். கண்ணால் பார்த்ததற்கு மேல் ஒரு வார்த்தை வராது. எனக்கு மாப்பிள்ளை பார்க்கும்போது எங்கள் நைனா இவரைப் பள்ளிப்பட்டுக்கு அனுப்பினார். போய்விட்டு வந்தவரிடம், "பையன் எப்படி மாப்ள?" என்று கேட்டார்.

"ரெண்டு கையும் சுத்தமா இருந்துச்சு மாமா. அவனே டீ எடுத்துகினு வந்து குடுத்தான்."

"அது சரி, ஆளு எப்படி? கொணம் எப்படி?"

"அது தெரியாதுங்க. டீ குடுக்கறதத்தான் பாத்தேன்."

"இதப் பாக்கவா உன்ன அவ்ளோ தூரம் அனுப்பினேன்!" என்று நைனா தலையில் அடித்துக்கொண்டார். நான் அந்த இரண்டு கையை நம்பித்தான் கழுத்தை நீட்டினேன். மற்றதெல்லாம் மாறிவிட்டது, கை மட்டும் இன்றைக்கும் சுத்தமாகத்தான் இருக்கிறது.

இளவயதில் ஒருமுறை அவர் இத்தாலிக்குப் போய், பழைய சுவரோவியங்களைப் பழுதுபார்க்கிற இடத்தில் சில மாதங்கள் இருந்துவிட்டு வந்தார். போப்பாண்டவரைப் பார்த்தாயா என்று ஊரே கேட்டது. "பால்கனி பாத்தேன். அதுல ஒருத்தர் வெள்ளையா நின்னார். ரொம்ப தூரம்" என்றார். ஊருக்குச் சப்பென்று ஆகிவிட்டது.

ஒரு சனிக்கிழமை அச்சுப்படம் கொடுக்க ஷெட்டுக்குப் போயிருந்தேன். ஒரு தேவதூதனின் தலையைச் செய்துகொண்டிருந்தார்கள். மூலப்படத்தில் அந்தக் கழுத்தின் குறுக்கே வெள்ளையாக ஒரு கோடு வழிந்திருந்தது. மெட்ராஸிலிருந்து வந்த பெண்ணொருத்தி, "சார், இது பிற்பாடு யாராவது வெள்ளையடிக்கும்போது சிந்தினதா இருக்கும். படத்தைச் சேர்ந்தது இல்லை. விட்டுடலாமா?" என்று கேட்டாள்.

"சிந்துனத நீ பாத்தியாம்மா?"

"இல்ல சார்."

"நானும் பாக்கல. மெழுகா இருக்கலாம், புறா எச்சமா இருக்கலாம். இன்னான்னு தெரியாது. ஆனா இருக்குதுல்ல? போடு."

அதே படத்தில் தேவதூதனின் கை ஒன்று சாந்தோடு பெயர்ந்து விழுந்துபோயிருந்தது. ஒரு பையன் தன் கைத்திறமையைக் காட்ட நினைத்து, இல்லாத கையை அழகாகத் தீட்டி வைத்திருந்தான். நிஜமாகவே நல்ல கை. நானாக இருந்தால் அதற்குக் காசு கொடுத்திருப்பேன். பாவா உளியை எடுத்து அவன் கண் முன்னாலேயே வெட்டினார். அந்த இடத்தில் வெறும் சுண்ணாம்பு பூசினார்.

"இல்லாதத போட்டா, பக்கத்துல இருக்கறதும் பொய்யாயிடும்பா" என்றார். கோபமாகச் சொல்லவில்லை. அந்தப் பையனுக்கு அக்காவை விட்டு டீ போடச் சொன்னார்.

நான் சிரித்துக்கொண்டே கடைக்குத் திரும்பினேன். அன்றைக்கு ஒரு எம்எல்ஏ பேனருக்காக அவர் மொட்டைத் தலையில் முடி வளர்த்துக்கொண்டிருந்தேன். இந்த மனிதரின் கறார் குணம் எங்கள் குடும்பத்தில் எல்லாருக்கும் வேடிக்கைதான். தணிகை சாகும்வரை அது வேடிக்கையாகத்தான் இருந்தது.

தணிகை ஐடிஐ முடித்துவிட்டு ஸ்ரீபெரும்புதூர் பக்கம் ஒரு கம்பெனியில் வேலைக்குப் போய்க்கொண்டிருந்தான். ஒரே பிள்ளை. அன்றைக்கு லீவு. பொதட்டூர்பேட்டைக்குப் போய்த் தாத்தாவைப் பார்த்துவிட்டு வருகிறேன் என்று சொல்லி, சிநேகிதனின் வண்டியை வாங்கிக்கொண்டு கிளம்பினான். மதியத்துக்கு மேல் அந்தச் சிநேகிதன் அக்கா வீட்டு வாசலில் வந்து அழுதான். வண்டி நம்பரை வைத்து போலீஸ் அவனைப் பிடித்திருக்கிறது. விபத்து நடந்தது பொதட்டூர்பேட்டை வழியில் இல்லை. நகரி ரோட்டில், ஆந்திர எல்லைக்குப் பக்கத்தில், லாரியின் அடியில். தணிகையின் போன் கிடைக்கவில்லை, பர்ஸ் கிடைக்கவில்லை. அவன் ஏன் அந்த ரோட்டுக்குப் போனான் என்பது இன்றுவரை எங்களுக்குத் தெரியாது.

பிணவறைக்குள் அடையாளம் காட்டப் போனது பாவா ஒருவர்தான். என் வீட்டுக்காரர் வாசல்வரை போய்விட்டு, முடியாமல் திரும்பிவிட்டார். பாவா உள்ளே போய் வெகுநேரம் வெளியே வரவில்லை என்று வீட்டுக்காரர் பிறகு சொன்னார். மறுநாள் வெள்ளைத் துணியில் தலைமுதல் கால்வரை சுற்றிக் கொடுத்தார்கள். முகத்தைத் திறக்க வேண்டாம், பெற்றவள் பார்க்கக்கூடாது என்று பெரியவர்கள் ஒரே பிடிவாதமாக இருந்து, அப்படியே சுடுகாட்டுக்கு எடுத்துப்போய்விட்டார்கள். அக்கா துணியைக் கட்டிப் பிடித்துக்கொண்டு அழுதாள். துணியைத்தான் கட்டிப் பிடித்தாள்.

எல்லாம் முடிந்து தலை முழுகிவிட்டு ஆண்கள் திரும்பி வந்தார்கள். கூடம் நிறைய சனம். அக்கா சுவரோரம் கிடந்தவள் எழுந்து உட்கார்ந்து பாவாவைக் கேட்டாள்.

"மொகத்த பாத்தீங்களா?"

"பாத்தேன்."

"முழுசா பாத்தீங்களா?"

கூடத்தில் இருந்த அத்தனை பேரும் அவரைப் பார்த்தோம். 'ஆமாம்' என்று ஒரு வார்த்தை. வேறு எந்த மனிதனும் அந்த இடத்தில் அதைத்தான் சொல்லியிருப்பான். பாவா ஈர வேட்டியோடு நின்றுகொண்டு யோசித்தார்.

"எடது பக்கம் பாத்தேன். வலது பக்கம் இல்ல."

அக்காவின் அழுகை அப்படியே நின்றது.

"அப்ப பாதிதான் பாத்திருக்கீங்க."

"ஆங். பாதி."

"நம்ம புள்ளதானா?"

"பாத்த வரைக்கும் அவன்தான்."

"பாத்த வரைக்கும்!" என்றாள் அக்கா. கண்ணைத் துடைத்துக்கொண்டாள். அவள் முகத்தில் ஏதோ ஒன்று தெளிந்ததை நான் பார்த்தேன். எனக்கு அந்த மனிதரை அறைய வேண்டும் போல இருந்தது. என்னைவிட வயதில் மூத்தவர், பிள்ளையைப் பறிகொடுத்து நிற்கிறவர் என்பதெல்லாம் அந்த நேரத்தில் மனதில் நிற்கவில்லை.

அன்றிலிருந்து அக்கா காத்திருக்க ஆரம்பித்தாள். அந்த வண்டியை வேறு எவனாவது எடுத்துக்கொண்டு போயிருப்பான், நகரி ரோட்டில் தணிகைக்கு என்ன வேலை, போன் ஏன் கிடைக்கவில்லை, அப்பனே பாதி முகம்தான் பார்த்தேன் என்கிறான் என்று வருகிறவர்களிடமெல்லாம் கோர்வையாகச் சொல்வாள். கேட்கிறவர்களுக்கு ஒரு நிமிஷம் சந்தேகம் வந்துவிடும். காரியத்துக்கு உட்கார மறுத்தாள். தணிகையின் காதுகுத்துக்குத் தாய்மாமன் சீராக வந்த எவர்சில்வர் தட்டு, அவன் பெயர் பொறித்தது, அதில் தினமும் மதியம் சோறு போட்டு மூடி வைப்பாள். சாயங்காலம் அதை மாட்டுக்கு வைத்துவிட்டுத் தட்டைக் கழுவி வைப்பாள். கிருத்திகைக்குக் கிருத்திகை மலையேறி, பிள்ளையைத் திருப்பி அனுப்பு என்று வேண்டிக்கொண்டு வருவாள். இறங்கியதும் நேராக என் கடைக்கு வந்து, பஸ்ஸிலிருந்து இறங்குகிற பையன்களைப் பார்த்துக்கொண்டு நிற்பாள்.

தணிகையின் பெரிய படம் ஒன்றை நான்தான் செய்து கொடுத்தேன். மாலை போட்டு மாட்டுவதற்காக. நல்ல வேலை அது, அழுதுகொண்டே செய்தேன். அவன் செல்ஃபிகளே பாதி மெருகு ஏற்றியவை. நான் இன்னும் கொஞ்சம் ஏற்றினேன். அக்கா வாங்கிப் பார்த்தாள். "உயிரோட இருக்கறவனுக்கு எதுக்குடி மால?" என்றவள், படத்தை மடித்துக் கைப்பையில் வைத்துக்கொண்டாள்.

தினமும் அவன் நம்பருக்குப் போன் செய்வாள். அணைத்து வைக்கப்பட்டுள்ளது என்று அந்தப் பெண்குரல் சொல்லும். அது சொல்லி முடிக்கும்வரை காதில் வைத்துக் கேட்பாள்.

பாவா ஷெட்டிலேயே கிடந்தார். அந்த மாதங்களில் ஷெட்டிலிருந்து டொக் டொக் சத்தம் தினமும் வந்தது. மாலைவரை தீட்டியதை மறுநாள் காலையில் வெட்டிக்கொண்டிருந்தார்.

ஒருநாள் அந்த நம்பர் அடித்துவிட்டது. யாரோ எடுத்தார்கள். இளவயதுப் பையனின் குரல். "எவரு காவாலி?" என்று தெலுங்கில், யார் வேண்டும் என்று கேட்டது. "தணிகை, அம்மாடா" என்றாளாம் அக்கா. வைத்துவிட்டான். கொஞ்ச காலம் உபயோகத்தில் இல்லாத நம்பரை கம்பெனிக்காரன் வேறு ஆளுக்குக் கொடுத்துவிடுவான் என்று நான் தொண்டைத் தண்ணீர் வற்றச் சொன்னேன். அவள் காதில் ஏறவில்லை. "ஆந்திராவுல கீறான்டி. தலையில அடிபட்டு நம்பள மறந்துகினு கீறான்" என்றாள். மறுநாள் காலை யாரிடமும் சொல்லாமல் நகரி பஸ் ஏறிவிட்டாள்.

நகரியில் அந்தப் படத்தைக் காட்டிக் கேட்டிருக்கிறாள். டீக்கடைக்காரர் பார்த்திருக்கிறேன் என்றாராம். புத்தூர் பக்கம் போனான் என்றாராம் ஒரு ஆட்டோக்காரர். புத்தூரில் ஒரு பழக்கடைக்காரி, நேற்றுகூட இங்கே நின்றானே என்றாளாம். அவர்கள் யாரும் பொய்யர்கள் இல்லை. நான் செய்த முகம் அப்படி. சிவந்த கன்னம், கூரான மூக்கு, ஒரு மருகூட இல்லாத தோல். எந்த பஸ் ஸ்டாண்டிலும் நாலு பையனுக்குப் பொருந்துகிற முகம் அது. கை காட்டிய பக்கமெல்லாம் அக்கா வெயிலில் நடந்திருக்கிறாள். கடைசியில் ஒரு கல் குவாரி ரோட்டில் மயங்கி விழுந்திருக்கிறாள். படத்தின் அடியில் எங்கள் கடை நம்பர் இருந்ததால் யாரோ புண்ணியவான் எனக்குப் போன் செய்தார்.

நானும் என் வீட்டுக்காரரும் வண்டி எடுத்துக்கொண்டு ஓடினோம். ஒரு கடை வாசலில் உட்கார வைத்திருந்தார்கள். பாதமெல்லாம் கொப்புளம், உதடு வெடித்துக் கிடந்தது. என்னைக் கண்டதும் சிரித்தாள்.

"எத்தினி பேரு பாத்துருக்காங்க தெரியுமாடி!"

அந்தச் சிரிப்பைப் பார்த்த பிறகு எனக்குப் பொறுக்கவில்லை. வீடு வந்து சேர்ந்ததும் நேராக ஷெட்டுக்குப் போனேன். "பாவா, உங்க கால்ல வுழறேன். முழு மொகத்தையும் பாத்தேன், நம்ம புள்ளதான்னு ஒரு வார்த்த சொல்லிடுங்க. இல்லாட்டி அவ ரோட்டுல வுழுந்து செத்துடுவா" என்றேன்.

அவர் தொட்டியடியில் வெகுநேரம் கை கழுவினார். பிறகு உள்ளே போனார். நானும் பின்னாலேயே போனேன்.

"அன்னிக்கு மொகம் முழுசாத்தான் பாத்தேன்" என்றார் அக்காவிடம். சொல்லும்போது தரையைப் பார்த்துக்கொண்டிருந்தார்.

அக்கா பாதத்துக்கு எண்ணெய் தடவிக்கொண்டிருந்தவள் நிமிர்ந்தாள். கல்யாணமான நாளிலிருந்து அவரை நீங்க நாங்க என்றே பேசியவள். அன்றைக்கு முதல் தடவையாக மாறினாள்.

"இத்தினி வருசம் உங்கூட குடும்பம் நடத்திகினு வரேன். சொல்லு. வலது கண்ணு தொறந்திருந்திச்சா, மூடியிருந்திச்சா?"

மூடியிருந்தது என்று சொன்னால் போதும். நான் பின்னாலிருந்து சொல்லிவிடுங்கள், சொல்லிவிடுங்கள் என்று மனதுக்குள் கத்திக்கொண்டிருந்தேன். அவர் உதடு அசைந்தது.

"தெரியாது" என்றார். "பாதிதான் பாத்தேன்."

"பாத்தியாடி?" என்று என் பக்கம் திரும்பினாள் அக்கா. ஜெயித்தவள் மாதிரி இருந்தது அவள் முகம். கால் புண் ஆறியதும் மறுபடி புத்தூர் போகப்போவதாகச் சொன்னாள்.

நான் அன்று அவளுக்குக் காவலாக அங்கேயே தங்கிவிட்டேன். மறுநாள் விடிந்ததும் பாவா, வரவிருந்த பிள்ளைகளுக்குப் போன் செய்து வர வேண்டாம் என்றார். பலகை எதையும் எடுக்கவில்லை. ஷெட்டின் உள்சுவரில் ஒரு தலை அளவுக்கு மட்டும் சாந்து பூசினார். காபி கொண்டுபோன நான் பார்த்துக்கொண்டு நின்றேன். எப்போதும் எதிரில் மாட்டியிருக்கும் அச்சுப்படம் இல்லை. போட்டோ இல்லை, ஒன்றுமே இல்லை. எதிரில் எதுவும் வைத்துக்கொள்ளாமல் அவர் தூரிகையைத் தொட்டு நான் பார்த்ததே கிடையாது.

"எதப் பாத்து பாவா போடறீங்க?"

"பாத்ததப் பாத்து."

நெற்றியை முடித்த பிறகு அவராகவே பேசினார். "அங்க உள்ள போனதும் எனக்கு வேற மாதிரி பாக்கத் தெரியலம்மா. மேலேர்ந்து கீழ பாத்துகினே வந்தேன், பழைய செவுத்தப் பாக்கற மாதிரி. எது இருக்குது, எது பேந்துருக்குது. புள்ளன்னு பாக்கல. பாக்கத் தெரியல." அவர் குரல் உடைந்து நான் கேட்டது அந்த ஒரு தடவைதான். காபி அப்படியே ஆறிப்போயிருந்தது.

வெயில் சாயும் நேரத்துக்கு முடித்தார். அக்காவைக் கூட்டிக்கொண்டு வரச் சொன்னார். அவள் நொண்டிக்கொண்டே வந்தாள்.

சுவரில் தணிகையின் இடப்பக்கம் இருந்தது. சுருட்டை முடி, நெற்றி, முக்கால்வாசி மூடிய கண், அப்போதுதான் அடர்த்தியாக ஆரம்பித்த மீசையில் பாதி, வெடித்த உதடு. தாடைக்குக் கீழே தோல் செத்த நிறத்தில் வெளுத்திருந்தது. மூக்குக்கு அந்தப் பக்கம் ஒன்றுமில்லை. கோணல்மாணலான ஓரம் ஒன்று, அதற்கப்புறம் வெறும் சுண்ணாம்பு. நான் முகத்தைத் திருப்பிக்கொண்டேன். எத்தனையோ அஞ்சலிப் படம் செய்தவள் நான். செத்த முகத்தை அன்றைக்குத்தான் பார்த்தேன்.

அக்கா திரும்பவில்லை. மேலிருந்து கீழாகப் பார்த்தாள். கிட்டே போனாள். காதுக்குக் கீழே, தாடையோரத்தில், விரல்நகம் அளவுக்கு வெள்ளையாக ஒரு தீற்று இருந்தது. அதைக் காட்டினாள்.

"இது இன்னா?"

"தெரியாது" என்றார் பாவா.

"நீங்க தீட்டறப்போ சிந்திடுச்சா?"

"இல்ல. அங்க இருந்துச்சு."

"ஆஸ்பத்திரில ஏதாச்சும் மருந்து வச்சிருப்பாங்க" என்றேன் நான்.

"இன்னான்னு எனக்குத் தெரியாதும்மா. இருந்துச்சு. போட்டேன்."

அக்கா அந்தத் தீற்றையே பார்த்துக்கொண்டிருந்தாள். பிறகு எங்கள் இருவரையும் பார்க்காமல் சுவரோடு பேசுகிறவள் மாதிரி சொன்னாள்.

"கொளவி கொட்டிச்சு. அன்னிக்கு காலையில, வண்டிய எடுக்கறப்போ. எரியுதுமான்னான். இந்தத் தொட்டியிலேர்ந்துதான் சுண்ணாம்ப வெரல்ல தொட்டு வச்சேன். யார்கிட்டயும் சொல்லல, இதப் போயி இன்னா சொல்றது. சாயங்காலம் வரைக்கும் தொடைக்காதடான்னேன்."

அந்தத் தீற்றுக்கு நேரே விரலை நீட்டினாள்.

"தொடைக்கல."

அப்புறம்தான் விழுந்தாள். சுடுகாட்டுக்குத் தூக்கிக்கொண்டு போன அன்றைக்கு அழுதிருக்க வேண்டிய அழுகையை, அந்தச் சாந்துத் தரையில் கிடந்து அழுதாள். தெருவே கூடிவிட்டது. பாவா சுவரோரம் தூரிகையோடு நின்றார். அவளைத் தொடவும் இல்லை, நகரவும் இல்லை.

அன்று இரவு அக்கா தணிகையின் தட்டை எடுத்து வைத்து, அதில் தனக்குச் சோறு போட்டுக்கொண்டு சாப்பிட்டாள். அடுத்த அமாவாசைக்கு ஐயரை அவளே வரச் சொன்னாள். என் படத்தைக் கைப்பையிலிருந்து எடுத்து என்னிடமே கொடுத்துவிட்டாள். "இவன் யாரோடி" என்றாள். வைது சொல்லவில்லை, இருந்தும் எனக்குச் சுருக்கென்றது.

பாவா செய்தது நல்லதா என்று கேட்டால் எனக்கு இன்றைக்கும் சொல்லத் தெரியாது. அவள் அதற்கப்புறம் பஸ் ஏறி ஓடவில்லை. உண்மைதான். ஆனால் அந்தக் கொஞ்ச காலத்திலேயே தலை முழுக்க நரைத்துவிட்டது. மலைக்குப் போவதை விட்டாள். சிரிப்பு, யார் மூக்கோ போச்சு என்கிற பேச்சு எல்லாம் அந்த வீட்டில் நின்றுபோயிற்று. புத்தூரில் கடை வாசலில் உட்கார்ந்துகொண்டு அவள் சிரித்தாளே, அந்தப் பைத்தியக்காரச் சிரிப்பாவது அவளுக்கு இருந்திருக்கலாமே என்று நினைத்து, அவர்மேல் வருஷக்கணக்கில் கோபமாக இருந்தேன். கடைக்கு வந்தால் வாங்க பாவா என்பேன். அதற்குமேல் பேச்சு இல்லை. அவரும் சிவப்பு ஏறியிருக்கிறது என்று சொல்லிவிட்டுப் போவார்.

அந்தச் சுவரை ஒரு பழைய லுங்கியால் மூடி வைத்திருந்தார். ஒருமுறை மாணவன் ஒருவன் தூக்கிப் பார்த்துவிட்டு, "இது எந்த ஊர் ஃப்ரெஸ்கோ சார்? மறுபாதி எப்படி இருந்திருக்கும்?" என்று கேட்டானாம். "தெரியாதுப்பா" என்று சொல்லிவிட்டு லுங்கியை இழுத்து மூடினாராம். அக்காதான் சொன்னாள். அவர்கள் இரண்டு பேரும் ஒரே வீட்டில், அவசியத்துக்கு மட்டும் பேசிக்கொண்டு, இப்படி இருந்தார்கள்.

போன ஐப்பசியில் ஒரு காலை, சாந்து குழைத்துக்கொண்டிருந்தவர் தொட்டியடியில் சாய்ந்துவிட்டார். நெஞ்சுவலி. ஆஸ்பத்திரிக்குப் போகும் வழியிலேயே முடிந்துவிட்டது. முழு முகத்தோடு வீட்டுக்கு வந்தார். அக்கா பக்கத்தில் உட்கார்ந்து பார்த்துக்கொண்டே இருந்தாள்.

அஞ்சலி ஃப்ளெக்ஸ் நான்தான் செய்ய வேண்டும். ஒரு மாணவி ஷெட்டில் எடுத்த போட்டோ கிடைத்தது. உட்கார்ந்தேன். கண்ணுக்குக் கீழிருந்த கறுப்பு, பல்லில் கறை, கன்னத்து மரு எதையும் தொடவில்லை. அவர் படத்தில் கை வைக்க எனக்குப் பயம். ஒன்றே ஒன்று, காதோரம் ஏதோ அழுக்குப் பட்டிருந்தது. கை தன் பாட்டுக்குப் போய் எடுத்துவிட்டது.

அக்கா கடைக்கு வந்து என் நாற்காலிக்குப் பின்னால் நின்றாள். துக்க வீட்டிலிருந்து ஏன் வந்தாய் என்று கேட்டேன். திரையை மேலிருந்து கீழாகப் பார்த்தாள்.

"காதுல சுண்ணாம்பு இருக்குமே, எங்கடி?"

"அழுக்குன்னு எடுத்துட்டேன்க்கா. இரு, ஒரு புள்ளி வச்சிடறேன்."

"நீ வைக்காத" என்றாள். "இருந்தத வையி."

செய்ததை அப்படியே மூடிவிட்டு, மாணவி அனுப்பிய போட்டோவையே எடுத்து அச்சுக்கு அனுப்பினேன். எங்கள் மிஷின் பழசு, முகத்தை மெதுவாகத்தான் வெளியே விடும். முடி வந்தது, நெற்றி வந்தது, கண் வந்தது. அக்கா மிஷினில் கை ஊன்றிக்கொண்டு நின்றாள். காது வந்தது. காதோரத்து வெள்ளையும் வந்தது.

"ஆங்" என்றாள்.